பத்தொன்பது குறைந்த பேரெண்

எனக்குப் பிடித்த எண் எது என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், மூச்சை இழுத்துக்கொண்டு ஆரம்பித்துவிடுவேன்:

5789604 4618658 0977117 8549250 4343953 9266349 9233282 0282019 7287920 0395656 4819949

மொத்தம் 77 இலக்கங்கள். ஏழு ஏழாகப் பிரித்தால் சரியாகப் பதினோரு கொத்து. அப்படிப் பிரித்துத்தான் மனப்பாடம் செய்தேன். ஏழாம் கொத்தின் முடிவும் எட்டாம் கொத்தின் தொடக்கமும் சேருமிடத்தில் 2820282 என்று ஒரு துண்டு வரும். முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் அதே எண். அந்த இடம் வரும்போது என் குரல் தானாக உயர்ந்துவிடும்.

இது ஒரு பகா எண். ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதனாலும் மீதியில்லாமல் வகுபடாது. இத்தனை பெரிய உருவத்தைச் சுருக்கி எழுத நாலைந்து குறிகளே போதும்: 2²⁵⁵ − 19. இரண்டை 255 முறை பெருக்கி, அதிலிருந்து பத்தொன்பதை எடுத்துவிட்டால் இவர் வந்து நிற்பார்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் இவர் கால்படாத ஊர் இல்லை என்று சத்தியம் செய்வேன். கீரமங்கலத்தில் இன்றைக்கு மல்லிகை என்ன விலை போகிறது என்று வாட்ஸ்அப்பில் விசாரிக்கும் விவசாயி, ஜெகதாப்பட்டினத்தில் படகு கரை வந்ததும் வீட்டுக்குக் குரல் பதிவு அனுப்பும் மீனவர், சிங்கப்பூரிலிருந்து ஆலங்குடிக்குப் பிள்ளையின் பிறந்தநாள் படம் கேட்கும் அப்பா என எல்லாருடைய கைபேசியிலும் இந்த எண் வேலை செய்துகொண்டிருக்கிறது. 2016 ஏப்ரலிலிருந்து வாட்ஸ்அப்பில் தனிப்பட்ட உரையாடல்கள் அனைத்தும் அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்கக்கூடியபடி பூட்டப்படுகின்றன. அந்தப் பூட்டின் அடித்தளம் ‘கர்வ்25519’ என்ற வளைவரை. பெயரிலேயே 255-உம் 19-உம் இருக்கின்றன. டேனியல் பெர்ன்ஸ்டீன் என்ற அமெரிக்கக் கணிதவியலாளர் 2005-இல் வடிவமைத்தது இது.

நான் மாலை நேரத்தில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தருகிறவன். பெரிய பகா எண் என்றால் பெரிய கணினி வேண்டும், பெரிய படிப்பு வேண்டும் என்று ஒரு பயம் ஊரில் இருக்கிறது. அந்தப் பயத்தை அடியோடு பிடுங்கிப்போடும் எண் இது. 77 இலக்கம் இருந்தும், ஒரு பென்சிலையும் ஒரு ரஃப் நோட்டையும் வைத்துக்கொண்டு இதைத் தொட்டுப் பார்க்கலாம், தட்டிப் பார்க்கலாம், எடை போட்டுப் பார்க்கலாம். எப்படி என்று சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது.

முதல் கேள்வி, ஏன் 19? 2²⁵⁵ என்பது இரட்டை எண். அதிலிருந்து ஒற்றை எண்களைக் கழித்துக்கொண்டே வந்தால் முதலில் தட்டுப்படும் பகா எண் 19-ஐக் கழிக்கும்போதுதான் வருகிறது. அதற்குமுன் 1, 3, 5, 7, 9, 11, 13, 15, 17 என ஒன்பது பேர் தோற்றிருக்க வேண்டும். அவர்களை ஒவ்வொருவராகத் தோற்கடிப்பதுதான் எங்கள் வீட்டுத் திண்ணையில் நடக்கும் ஆனந்தமான விளையாட்டு.

இரண்டின் அடுக்குகளின் கடைசி இலக்கம் 2, 4, 8, 6 என்று சுற்றிச் சுற்றி வரும். 255-ஐ நான்கால் வகுத்தால் மீதி 3. ஆகவே 2²⁵⁵ எட்டில் முடியும். எட்டிலிருந்து 3 போனால் 5, 13 போனாலும் 5. ஐந்தில் முடிகிற எண் ஐந்தால் வகுபடும். இரண்டு பேர் அவுட்.

இரண்டின் ஒற்றைப்படை அடுக்கு எதையும் மூன்றால் வகுத்தால் மீதி 2. அதிலிருந்து 5-ஐயோ 11-ஐயோ 17-ஐயோ கழித்தால் மீதி பூச்சியம். இன்னும் மூன்று பேர் போனார்கள்.

எட்டை ஏழால் வகுத்தால் மீதி 1. 255 மூன்றால் வகுபடுவதால் 2²⁵⁵ என்பது எட்டை 85 முறை பெருக்கியது. ஆகவே அதற்கும் மீதி 1. ஒன்றைக் கழித்தாலும் பதினைந்தைக் கழித்தாலும் ஏழால் வகுபட்டுவிடும். மேலும் இரண்டு பேர்.

மிச்சம் 7-உம் 9-உம். இங்கே பிள்ளைகள் கொஞ்சம் திணறுவார்கள். 17-ஐ எடுங்கடா என்பேன். 2⁸ ஆகிய 256-ஐ 17-ஆல் வகுத்தால் மீதி 1. 255-இல் எட்டுகள் 31 போக மிச்சம் 7. 2⁷ என்பது 128. ஏழு பதினேழு 119 போக மீதி 9. அப்படியானால் 2²⁵⁵ − 9 பதினேழால் வகுபடும்! போன வாரம் ஒரு பெண் இதைத் தானே கண்டுபிடித்து, “சார், பதினேழு சார், பதினேழு!” என்று குதித்தாள். எழுபத்தேழு இலக்க எண் ஒன்றின் காரணியைப் பதினைந்து வயதுப் பிள்ளை வெறும் பென்சிலால் கண்டுபிடித்துவிட்டாள். இதைவிட என்ன வேண்டும் ஒரு கணக்கு வாத்தியாருக்கு?

2²⁵⁵ − 7 மட்டும் முரண்டு பிடிக்கும். நூறுக்குக் கீழே உள்ள எந்தப் பகா எண்ணாலும் அது வகுபடவில்லை. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துவிட்டேன். அதை வீழ்த்தக் கணிதவியலாளர் ஃபெர்மாவை அழைக்க வேண்டும். ஓர் ஒற்றைப்படை எண் பகா எண்ணாக இருந்தால், இரண்டை அந்த எண்ணைவிட ஒன்று குறைவான அடுக்குக்கு உயர்த்தி அதே எண்ணால் வகுக்கும்போது மீதி 1 வந்தே தீரும் என்று 1640-இல் அவர் சொன்னார். அரசு பிள்ளைகளுக்குக் கொடுத்த விலையில்லா மடிக்கணினி ஒன்றில் பைத்தானைத் திறந்து ஒரே ஒரு வரி அடித்தோம். 7-ஐக் கழித்த எண்ணுக்கு ஏதோ ஒரு நீளமான மீதி வந்தது. 19-ஐக் கழித்த எண்ணுக்குத் திரையில் ஒற்றை ‘1’. கண் இமைக்கும் நேரம்கூட ஆகவில்லை. எத்தனை முறை பார்த்தாலும் அந்த ஒற்றை ஒன்று எனக்குச் சிலிர்ப்புத்தான்.

ஃபெர்மாவின் சோதனையில் தேறியது மட்டும் சான்று ஆகாது. 341 என்பது 11 பெருக்கல் 31. அதுவும் இரண்டை வைத்துச் செய்யும் இதே சோதனையில் தேறிவிடும். ஆகவே உண்மையான நிரூபணத்துக்கு ஒரு வழி, நம் எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்து, அதைக் காரணிப்படுத்துவது. கழித்தால் கிடைப்பது நான்கு பெருக்கல் மூன்று பெருக்கல் 65147 பெருக்கல் 71 இலக்கங்கள் கொண்ட இன்னொரு பகா எண். அந்த 71 இலக்கத்தாரையும் அவரிலிருந்து ஒன்றைக் கழித்து, அதே வழியில் நிரூபிக்கலாம். இப்படிப் படிப்படியாக இறங்கிச் சிறிய எண்களில் போய் முடியும் சான்றிதழ் முறையை வாஹன் பிராட் 1975-இல் கொடுத்தார்.

இதில் 65147-தான் என் செல்லம். அவர் உண்மையிலேயே காரணியா என்று கையாலேயே சரிபார்த்துவிடலாம். ஒவ்வொரு வரியிலும் முந்தைய மீதியை வர்க்கப்படுத்தி, 65147-ஆல் வகுத்து, மீதியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும்:

2¹⁶-க்கு மீதி 389
2³²-க்கு மீதி 21027
2⁶⁴-க்கு மீதி 47187
2¹²⁸-க்கு மீதி 18803
2²⁵⁶-க்கு மீதி 40

நாற்பது! ஐந்திலக்க முரட்டு எண்களாக உருண்டு வந்தது கடைசி வரியில் சட்டென்று நாற்பதில் வந்து நிற்கிறது. 2²⁵⁶-க்கு நாற்பது என்றால் 2²⁵⁵-க்கு அதில் பாதி, இருபது. இருபதிலிருந்து 19 போனால் ஒன்று. நம் எண்ணை 65147-ஆல் வகுத்தால் மீதி ஒன்று, ஆகவே ஒன்றைக் கழித்தால் மீதியில்லாமல் வகுபடும். ஒரு பக்கத் தாளில் முடிகிற கணக்கு இது. முதல்முறை அந்த நாற்பதைப் பார்த்தபோது எழுந்து முற்றத்தில் நடந்துவிட்டு வந்தேன். உட்கார முடியவில்லை.

அடுத்த அழகு, இதன் உடல்வாகு. இரும எண்ணாக எழுதினால் முதலில் வரிசையாக 250 ஒன்றுகள், கடைசியில் 01101. அவ்வளவுதான். இரண்டின் அடுக்குக்கு இத்தனை நெருக்கமாக இருப்பதால் இதை வைத்து வகுத்து மீதி காண்பதும் வெகு சுலபம். நம் கணக்கில் 2²⁵⁵ என்பதும் 19 என்பதும் ஒன்றே. ஆகவே எவ்வளவு பெரிய எண் வந்தாலும் 255 இருமத் தானங்களுக்கு மேலே உள்ள பகுதியை வெட்டி, 19-ஆல் பெருக்கி, கீழே உள்ளதோடு கூட்டிவிடலாம். வகுத்தலே வேண்டாம்!

இதைப் பிள்ளைகளுக்கு 29-ஐ வைத்துக் காட்டுவேன். 32-இலிருந்து 3 போனால் 29. ஆகவே ஒவ்வொரு 32-க்கும் பதிலாக 3 போடலாம். 1000-ஐ எடுங்கள். அதில் 32 என்பது 31 முறை, மிச்சம் 8. 31-ஐ மூன்றால் பெருக்கி எட்டைக் கூட்டினால் 101. அதில் 32 மூன்று முறை, மிச்சம் 5. மும்மூன்று ஒன்பதோடு ஐந்து சேர்ந்தால் 14. 1000-ஐ 29-ஆல் வகுத்துப் பாருங்கள், மீதி 14-தான். கைபேசிக்குள் இருக்கும் சில்லு 3-க்குப் பதில் 19-ஐ வைத்துக்கொண்டு இதையேதான் செய்கிறது. 255 என்பது ஐந்து ஐம்பத்தொன்று என்பதால் இன்றைய 64-பிட் கைபேசிகளில் ஐந்தே துண்டுகளாக இந்தப் பேரெண்ணை உள்ளே அடக்கிவிடலாம். விலை மலிந்த கைபேசியிலும் பூட்டு நொடியில் விழுவதற்கு இந்த எளிமையும் ஒரு காரணம்.

இன்னொன்று சொல்லியே ஆக வேண்டும். நான்கால் வகுத்து மீதி 1 வரும் பகா எண் ஒவ்வொன்றும் இரண்டு வர்க்கங்களின் கூட்டல். அதுவும் ஒரே ஒரு விதமாகத்தான். 13 என்றால் 9-உம் 4-உம், 29 என்றால் 25-உம் 4-உம், 37 என்றால் 36-உம் 1-உம். ஃபெர்மா சொல்லி, ஒரு நூற்றாண்டு கழித்து ஆய்லர் நிரூபித்த உண்மை இது. நம் பேரெண்ணும் நான்கால் வகுத்தால் மீதி 1 தருவதுதான். ஆகவே இதற்குள்ளும் அப்படி ஒரு சோடி இருக்கிறது. வர்க்கப்படுத்த வேண்டிய இரண்டு எண்களில் பெரியதற்கு 39 இலக்கங்கள். இத்தனை பெரிய எண்ணுக்குள் சின்னப் பிள்ளைகள் வரையும் இரண்டு சதுரங்கள் பத்திரமாக உட்கார்ந்திருக்கின்றன!

பூட்டு எப்படி விழுகிறது என்பதை 29-ஐ வைத்தே நடித்துக் காட்டலாம். அறையின் இரண்டு மூலைகளில் இரண்டு பிள்ளைகள். ஒருவன் மனதுக்குள் 5 நினைக்கிறான், இன்னொருத்தி 6. இருவரும் இரண்டை அந்த அடுக்குக்கு உயர்த்தி 29-ஆல் வகுத்த மீதியை உரக்கக் கத்துகிறார்கள். அவனுக்கு 32, மீதி 3. அவளுக்கு 64, மீதி 6. இப்போது அவன் தன் காதில் விழுந்த 6-ஐ ஐந்தாம் அடுக்குக்கு உயர்த்துகிறான், மீதி 4. அவள் தனக்குக் கேட்ட 3-ஐ ஆறாம் அடுக்குக்கு உயர்த்துகிறாள், அவளுக்கும் மீதி 4. நடுவில் உட்கார்ந்திருப்பவர்கள் கேட்டது 3-உம் 6-உம் மட்டுமே. அந்த நான்கு இருவருக்கும் மட்டும் சொந்தம். ஊர் கேட்கக் கத்தியே ஒரு ரகசியத்தை உண்டாக்கிவிட்டார்கள்! விட்ஃபீல்ட் டிஃபியும் மார்ட்டின் ஹெல்மனும் 1976-இல் உலகுக்குக் கொடுத்த யோசனை இது.

29-ஐ வைத்து ஆடினால் நடுவில் இருப்பவர் ஒவ்வொன்றாய்ப் போட்டுப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார். கைபேசியில் அடுக்குகளுக்குப் பதில் ஒரு வளைவரையின் மேல் புள்ளிகள் தாவுகின்றன. ஓர் எண்ணின் கனத்தோடு, அதன் வர்க்கத்தைப்போல் 486662 மடங்கையும் அந்த எண்ணையும் கூட்ட வேண்டும். அந்தக் கூட்டுத்தொகை இன்னோர் எண்ணின் வர்க்கத்துக்குச் சமமானால் அந்தச் சோடி ஒரு புள்ளி. எல்லாக் கணக்கும் 2²⁵⁵ − 19-ஆல் வகுத்த மீதியில்தான். புறப்படும் புள்ளியின் முதல் எண் 9. மொத்தப் புள்ளிகளின் எண்ணிக்கை எட்டு பெருக்கல் இன்னொரு 76 இலக்கப் பகா எண். ஜான் பொல்லார்டின் 1978-ஆம் ஆண்டு வழியில் ஒட்டுக்கேட்பவர் ரகசியத்தைத் தேடினால் ஏறத்தாழ 2¹²⁶ படிகள் ஏற வேண்டும். நொடிக்குப் பத்தின் 18-ஆம் அடுக்கு அளவுக்குப் படிகள் ஏறினாலும் இரண்டு லட்சம் கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகும். பிரபஞ்சத்தின் வயதே 1380 கோடி ஆண்டுகள்தான்.

இத்தனை காவல் காக்கும் எண் தன்னிடம் எதையும் ஒளிப்பதில்லை என்பதுதான் என்னை ஆட்கொண்ட விஷயம். 2013-இல் அமெரிக்க உளவு அமைப்பின் ரகசியங்களை அம்பலப்படுத்திய எட்வர்டு ஸ்னோடனின் ஆவணங்கள் வெளியான பிறகு, இத்தகைய பூட்டுகளுக்கு அரசு அமைப்புகள் பரிந்துரைத்த சில மாறிலிகளை உலகமே சந்தேகமாகப் பார்த்தது. இந்த எண் எங்கிருந்து வந்தது, இதற்குள் யாராவது கள்ளச்சாவி வைத்திருக்கிறார்களா என்று கேட்டார்கள். 2²⁵⁵ − 19-இடம் அந்தக் கேள்விக்குத் திண்ணையிலேயே பதில் இருக்கிறது. இரண்டின் அடுக்கிலிருந்து கீழே இறங்கி வந்தால் முதலில் நிற்பவர் இவர். 486662-உம் அப்படித்தான், பாதுகாப்புக்கான நிபந்தனைகளை எழுதி வைத்து, அவற்றுக்கு உட்பட்டு மிகச் சிறியதாகத் தேடி எடுத்தது.

குடுமியான்மலைக்குப் போகும்போதெல்லாம் இந்த நினைப்பு வரும். சிகாநாதர் கோயிலை ஒட்டிய பாறையில், ஏறத்தாழ 7-ஆம் நூற்றாண்டில், ஏழு பண்களுக்கான சுரக்கோவைகளைக் கிரந்த எழுத்தில் வெட்டி வைத்திருக்கிறார்கள். வெயிலிலும் மழையிலும் எல்லாருக்கும் பொதுவாக நிற்கிறது. சுரங்கள் ஊருக்குச் சொந்தம், அவற்றைக்கொண்டு ஒருவர் மீட்டும் இசை அவருக்குச் சொந்தம். நம் பேரெண்ணும் அப்படித்தான். எண் உலகத்துக்குப் பொது. அதன்மேல் நின்று ஆலங்குடி அம்மாவும் சிங்கப்பூர் மகனும் பேசிக்கொள்வது அவர்கள் இருவருக்கும் மட்டும்.

நம்பிக்கை வரவில்லையா? வாட்ஸ்அப்பில் ஒருவரின் பெயரைத் தொட்டு, ‘என்க்ரிப்ஷன்’ என்ற இடத்தைத் திறந்து பாருங்கள். 60 இலக்கங்கள் வரிசையாக வரும். உங்கள் திறவுகோலும் அவர் திறவுகோலும் சேர்ந்து உண்டான எண் அது. இரண்டு திறவுகோல்களும் பிறந்தது இந்தப் பகா எண்ணின் மடியில். எதிரில் இருப்பவர் கைபேசியிலும் அதே 60 இலக்கங்கள் இருந்தால் நடுவில் யாரும் இல்லை என்று பொருள். நான் சந்திக்கிற உறவினர்களையெல்லாம் உட்காரவைத்து இதை ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறேன்.

19-க்குத் தமிழ்நாட்டோடு ஒரு பந்தமும் உண்டு. எந்த முழு எண்ணையும் நான்காம் அடுக்குகளின் கூட்டலாக எழுத அதிகபட்சம் எத்தனை தேவை? விடை 19. 79-ஐ எழுதிப் பாருங்கள், நான்கு பதினாறுகளும் பதினைந்து ஒன்றுகளும் வேண்டும், மொத்தம் 19. அதற்குமேல் எந்த எண்ணுக்கும் தேவைப்படாது என்று 1986-இல் நிரூபித்தவர்களில் ஒருவர் ஆர். பாலசுப்ரமணியன். சென்னைத் தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவர். ழான்-மார்க் தெஷூயே, ஃபிரான்சுவா திரெஸ் என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் அவரோடு நின்றார்கள். இதே கேள்வியில் ஆறாம் அடுக்குக்கு 73 என்று 1940-லேயே கண்டவர் குற்றாலம் அருகே வல்லத்தில் பிறந்த எஸ். எஸ். பிள்ளை. அவர் அப்போது அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிக்கொண்டிருந்தார். கணிதத்துக்கு இந்த மண் புதிதில்லை என்று பிள்ளைகளிடம் சொல்லும்போது அவர்கள் நிமிர்ந்து உட்காருவதைப் பார்க்க வேண்டும்.

இதைவிடப் பெரிய பகா எண்கள் எத்தனையோ உண்டு. 2024 அக்டோபரில் லூக் டுராண்ட் கண்டுபிடித்த 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1 என்பதற்கு 4,10,24,320 இலக்கங்கள். அந்த மலையைக் கைகூப்பி வணங்குகிறேன். என் மனம் ஒட்டிக்கொண்டது 77 இலக்கத்தாரிடம்தான். மனப்பாடம் செய்யும் அளவுக்குச் சிறியவர், பிரபஞ்சத்தின் வயதைத் தோற்கடிக்கும் அளவுக்குப் பெரியவர்.

மேலே நான் போட்ட மீதிக் கணக்குகளுக்கான கருவி நம் பத்தாம் வகுப்புப் புத்தகத்திலேயே இருக்கிறது. ‘எண்களும் தொடர்வரிசைகளும்’ என்ற பாடத்தில் மட்டு எண்கணிதம் என்று வருகிறது. கடிகார முள்ளையும் கிழமையையும் வைத்து நடத்திவிட்டு நிறுத்திவிடுகிறோம். அதே கருவியால் உலகத்தின் பூட்டையே தொட்டுப் பார்க்கலாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டாமா? 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் வந்தபோது எழுத்தையும் சைக்கிளையும் ஒன்றாகக் கற்றுக்கொண்டு ஊர் ஊராய்ப் போன பெண்களின் மாவட்டம் இது. அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கு 2²⁵⁵ − 19 ஒரு சுமையா என்ன?

ஆகவே இதோ உங்களுக்கும் ஒரு கணக்கு. 19-ஐத் தாண்டிக் கழித்துக்கொண்டே போனால் அடுத்த பகா எண் 2²⁵⁵ − 31. நடுவில் 21, 23, 25, 27, 29 என ஐந்து பேர். அவர்களில் நான்கு பேரை 20-க்குக் கீழே உள்ள பகா எண்களே வீழ்த்திவிடும். ஒருவரை 11-உம் வீழ்த்தும், 13-உம் வீழ்த்தும். இன்னொருவர் விழுவது நம் 19-இடமே. ஐந்தாமவர் மட்டும் நூறு வரை எதற்கும் மசியமாட்டார். யார் யார் என்று கண்டுபிடியுங்கள். பென்சிலே போதும்.